அடிகளும் குரத்தியாரும்: சமணத் தமிழில் மதிப்புச் சொற்கள்

சிலப்பதிகாரத்தை இயற்றியவர் அடிகள். அக்காப்பியத்துள் கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாக மதுரை வரை நடந்த சமணத் துறவியும் அடிகள். முன்னவர் ஆண், பின்னவர் பெண். இளங்கோவடிகள், கவுந்தியடிகள் என்னும் இரு பெயரையும் பள்ளி மாணவர் ஒரே மூச்சில் ஒப்பிக்கின்றனர். இருவருக்கும் ஒரே பட்டம் எவ்வாறு பொருந்திற்று என்று வினவுவார் இலர். வினா எழாமைக்குக் காரணம் தமிழ் அவ்வளவு இயல்பாக அப்பட்டத்தைத் தாங்கி நிற்பதே ஆகும். உலக மொழிகள் பலவற்றில், ஆண் பெண் என்று பிரியாத மதிப்புச் சொல்லொன்றை இக்காலத்தில் புதிதாக ஆக்கிக்கொள்ள அறிஞர்கள் முயல்கின்றனர். தமிழிலோ, சிறப்பாகச் சமணர் வழங்கிய தமிழில், அச்சொல் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழகித் தேய்ந்த காசாய்ப் புழங்கியது.

அடிகள் என்பதன் ஆக்கத்தை நோக்குதல் வேண்டும். அடி என்பது பாதம். கள் என்னும் விகுதியைத் தொல்காப்பியர் அஃறிணைப் பன்மைக்கு உரியதாகவே வகுத்தார். ஆகவே சொல்லின் வடிவம் அஃறிணை. அது சுட்டுவதோ உயர்திணைப் பெரியார் ஒருவரை. ஒருவரை நேரே பெயர் சொல்லி விளித்தல் பணிவாகாது என்று எண்ணிய முன்னோர், அவர்தம் பாதத்தைச் சொல்லி அவரை உணர்த்தினர். பாதத்திற்கு ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. தத்துவார்த்த சூத்திரத்திற்கு ‘சர்வார்த்தசித்தி’ என்னும் உரை வகுத்த சமணப் பேராசிரியர் பூஜ்யபாதர் எனப்பட்டதும் இம்மனநிலையின் வழிப்பட்டதே. எனினும் வடமொழியில் அத்தகைய பெயர் விகுதி ஏற்று ஆண்பாலாய் நிற்கும். தமிழில் அடிகள் என்பது எப்பாலையும் காட்டாமல் நிற்கும்.

இவ்வியல்பு எத்துணைப் பயன் தந்தது என்பதைக் காட்டச் சிலப்பதிகாரத்துப் புறஞ்சேரி இறுத்த காதை ஒன்றே போதும். கோவலனைப் பிரிந்து வருந்திய மாதவி, கோசிகன் என்னும் அந்தணன் கையில் ஓலையொன்று கொடுத்து அனுப்புகிறாள். வழியிடையே அதனைப் பெற்ற கோவலன் முத்திரை நீக்கிப் படிக்கிறான். அடிகள் என்னும் விளியோடு ஓலை தொடங்குகிறது. தான் அறியாது செய்த பிழையைப் பொறுக்க வேண்டும் என்றும், பெற்றோர்க்குச் செய்யும் பணியையும் கைவிட்டு, மனைவியோடு இரவிற் புறப்பட்டுப்போக நேர்ந்த காரணம் தெரியாமல் நெஞ்சம் கலங்குகின்றது என்றும் மாதவி எழுதியிருந்தாள். படித்து முடித்த கோவலன் அவள்மேல் குற்றம் இல்லை என்று தெளிகிறான். அடுத்து அவன் செய்ததுதான் வியப்புக்குரியது. இவ்வோலையின் பொருள் தன் பெற்றோர்க்குத் தான் எழுதக் கருதியதற்கும் பொருந்தும் என்று கண்டு, அதே ஓலையைத் தன் தாய் தந்தையரிடம் சேர்ப்பிக்கும்படி கோசிகனிடமே கொடுத்துவிடுகிறான்.

ஒரு பெண் தன் காதலனுக்கு எழுதிய கடிதம், ஓர் எழுத்தும் மாறாமல், மகன் தன் தந்தைக்கும் தாய்க்கும் விடுத்த மன்னிப்பு ஓலையாகிறது. இம்மாற்றத்திற்கு இடம் தந்தது அந்த விளிச்சொல். தலைவ என்றோ ஐய என்றோ மாதவி எழுதியிருப்பின், கோவலன் வேறோர் ஓலை தேட வேண்டியிருக்கும். தந்தை மாசாத்துவானுக்கும் தாய்க்கும் ஒரே சமயத்தில் பொருந்தும் சொல்லாக அடிகள் நின்றமையால் காப்பிய நிகழ்ச்சியே அமைந்தது. இதனைப் புலவரின் கற்பனைத் திறம் என்று மட்டும் கொண்டு கடந்துவிடல் ஆகாது. அக்காலத்து மக்கள் வழக்கில் அச்சொல் அவ்வாறு இருபாற்கும் பொதுவாய் இயங்கியிராவிடில், கேட்போர் இந்நிகழ்ச்சியை ஏற்றிரார்.

பெற்றோரைக் குறிக்க அக்காப்பியம் ஆளும் குரவர் என்னும் சொல்லும் இத்தகையதே. ஆசாரக்கோவை அரசன், ஆசிரியன், தாய், தந்தை, மூத்தோன் ஆகிய ஐவரைப் போற்றுதற்குரிய குரவராகச் சொல்கிறது. ஐவரில் தாயும் ஒருவர். குரவர் என்னும் ஒரு சொல்லுக்குள் தாயும் அரசனும் அருகருகே இருக்கின்றனர்.

இதற்கு அடிப்படை இலக்கணத்தில் உள்ளது. உயர்திணையில் ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்று பால்கள். ஆணுக்கு னகர ஒற்று, பெண்ணுக்கு ளகர ஒற்று. ஆனால் பலர் எனும்போது ரகர ஒற்று வந்து ஆண் பெண் வேறுபாட்டை அழித்துவிடுகிறது. வந்தார் என்றால் ஆடவர் பலரோ மகளிர் பலரோ இருவரும் கலந்தோ, யாரும் ஆகலாம். இப்பலர்பால் வடிவத்தையே ஒருவருக்கு மதிப்பாகச் சூட்டும் வழக்கம் எழுந்தபோது, பால் காட்டாத மதிப்பு வடிவமும் உடன் பிறந்துவிட்டது. தொல்காப்பியர் இதனை உயர்த்திச் சொல்லும் வழக்காக ஏற்றார். எனினும் இலக்கண நெறியின் இயல்பான சொல் இதுவன்று என்றும் குறித்து வைத்தார். பிற்காலத்தே, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் வேண்டுகோளால் நன்னூல் செய்த சமண முனிவர் பவணந்தியார் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தார். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகியவை காரணமாகப் பாலும் திணையும் மயங்கி வருதல் இயல்பே என்று அவர் விதித்தார். பவணந்தியார் காலத்திற்குள் அவ்வழக்கு அத்துணை வேரூன்றியிருந்தது.

ஆசிரியர், தலைவர், கவிஞர், புலவர் என்னும் சொற்கள் இவ்வாறு ஆண் பெண் இருவர்க்கும் பொதுவாய் அமைந்திருக்க, ஆசிரியை என்றும் கவிஞை என்றும் வடமொழிப் பாங்கில் பிரித்து எழுதுவது பிற்காலத்து மிகை. இருந்த பொதுச்சொல்லை ஆணுக்கு மட்டும் உரியதாகக் குறுக்கிவிட்டுப் பெண்ணுக்குத் தனிச்சொல் தேடிய கதை அது.

விளியும் முறைப்பெயரும் எத்துணை நுட்பமானவை என்பதற்குக் கவுந்தியடிகள் வாழ்விலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. உறையூரை நெருங்கும் வழியில், வீண்பேச்சுப் பேசும் பரத்தையொருத்தியும் அவளோடு வந்த ஒருவனும் எதிர்ப்பட்டு, கோவலனையும் கண்ணகியையும் சுட்டி இவர் யார் என்று வினவினர். என் மக்கள் என்றார் அடிகள். மக்கள் என்பதும் பால் காட்டாத சொல்லே. துறவி ஒருவர் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்ட இருவரைச் சுட்டும் அன்புச் சொல் அது. வினவிய இருவரும் அதனைக் குருதி உறவாகத் திரித்து, ஒரு வயிற்றுப் பிறந்தார் கணவன் மனைவியாக வாழ்வதும் உண்டோ என்று எள்ளி நகைத்தனர். கண்ணகி செவி பொத்தி நடுங்கினாள். அடிகள் அவ்விருவரையும் முள்ளுடைய காட்டில் நரிகளாகுமாறு சபித்தார். பின்னர்க் கோவலனும் கண்ணகியும் இரங்கி வேண்ட, அச்சாபம் 12 திங்களில் நீங்கும் என்று எல்லையிட்டார். அகிம்சையை உயிராகக் கொண்ட சமணத் துறவி சபிக்கலாமா என்பது நெடுங்கால வழக்கு. அதனை இங்கு எடுத்துக்கொள்ள வேண்டுவதில்லை. முறைப்பெயர் ஒன்றைத் திரித்துப் பேசுதலைக் காப்பியம் எத்துணைப் பெருங்குற்றமாகக் கருதிற்று என்பது மட்டும் கருதத்தக்கது.

காப்பியத்தைக் கற்பனை என்று ஒதுக்குவாரும் கல்லை ஒதுக்க இயலாது. தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையின் பாறைச் சரிவில் தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழ் வட்டெழுத்தில் சிறுசிறு கல்வெட்டுகள் உள்ளன. 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த அவை, இத்திருமேனியைச் செய்வித்தவர் இன்னார் என்னும் அளவில் முடிவன. அவற்றுள் ஆண் ஆசிரியர்கள் குரவடிகள் என்றும் படாரர் என்றும், பெண் ஆசிரியர்கள் குரத்தியார் என்றும் குரத்திகள் என்றும் குறிக்கப்படுகின்றனர். திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார் முதலிய பெயர்கள் அங்கே உள்ளன.

கிழவன் கிழத்தி ஆனதுபோலக் குரவன் குரத்தி ஆயிற்று. இச்சொல்லில் வருவது இடையின ரகரம். அதனை வல்லின றகரமாக மாற்றிப் படித்து, மலையில் குறிசொல்லும் பெண்ணொருத்தியைக் கற்பனை செய்துகொள்வார் இன்றும் உளர். குரத்தி என்னும் பகுதி பெண்பால் காட்டுவது உண்மையே. ஆனால் அதன்மேல் ஏறும் ஆர், கள், அடிகள் என்னும் மதிப்பு ஒட்டுகள் ஆணுக்கு ஏறுபவையே பெண்ணுக்கும் ஏறுகின்றன. பெண் என்பதற்காக ஒரு படி தாழ்ந்த ஒட்டு எதுவும் அக்கல்வெட்டுகளில் வகுக்கப்படவில்லை.

திருச்சாரணம் என்பது கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், அரிட்டநேமி படாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்திகள் அம்மலையிலுள்ள படாரியார்க்குப் பொன் அணி வழங்கிய செய்தி அங்குள்ள கல்வெட்டில் காணப்படுகிறது. அங்கே ஆசிரியர் படாரர்; இயக்கியாகிய தெய்வம் படாரியார்; இடையில் நின்று கொடை வழங்குபவர் குரத்திகள். மூவர்க்கும் மதிப்பு விகுதி குறைவின்றி வந்துள்ளது. ஊர்தோறும் வழங்கும் பிடாரி என்னும் அம்மன் பெயர் இப்படாரியிலிருந்து வந்தது என்பாரும் உளர்.

வட தமிழகத்திலும் சான்றுக்குக் குறைவில்லை. வந்தவாசியை அடுத்த வேடல், பழம்பெயர் விடால். முதலாம் ஆதித்த சோழன் காலத்தது எனப்படும், 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கல்வெட்டொன்று குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் 500 மாணாக்கியரையும் குறிக்கிறது. அவர்களுக்கும் வேறு 400 தவப் பெண்டிர்க்கும் இடையே இணக்கமின்மை எழுந்தபோது, கனகவீரக் குரத்தியாரையும் அவர் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றனர். ஒரு சிற்றூரைச் சூழ்ந்து ஏறத்தாழ 900 பெண்கள் துறவிலும் கல்வியிலும் ஈடுபட்டிருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கருத்து வேறுபாடும் பூசலும் இருந்தமையை மறைக்காமல் கல்லில் வெட்டி வைத்ததும் போற்றத்தக்கது. பூசலுக்கிடையிலும் பட்டம் குறையாமல் குரத்தியார் என்றே எழுதினர்.

ஆர்க்காட்டை அடுத்த விளாப்பாக்கத்துக் கல்வெட்டு இன்னும் சுவையானது. முதலாம் பராந்தகனின் 38ஆம் ஆட்சியாண்டு, அஃதாவது 945 அளவில், திருப்பான்மலை அரிட்டநேமி படாரரின் மாணாக்கியார் ஒருவர் அங்கே கிணறு எடுப்பித்தார். அவர் பெயர் பட்டினிக் குரத்தியடிகள். உண்ணாநோன்பால் பெற்ற பெயர் பட்டினி. கல்வியால் பெற்றது குரத்தி. துறவொழுக்கத்தால் பெற்றது அடிகள். பெற்றோர் இட்ட பெயருக்கு அங்கே இடமே இல்லை.

இப்பெண்டிர் அனைவரும் மாணாக்கி என்னும் உறவால் அடையாளம் பெறுகின்றனர் என்பது கருதத்தக்கது. இன்னாருடைய மனைவி என்று இவர்கள் எழுதப்படவில்லை. இன்ன ஆசிரியரின் மாணாக்கி என்று எழுதப்பட்டனர். இல்லறத்துப் பெண்கள் கொடையளித்தபோது அவர்கள் கணவர் பெயராலும் மகன் பெயராலும் சுட்டப்பட்டதும் உண்டு. துறவும் கல்வியும் மேற்கொண்டவர்க்கே இத்தனி அடையாளம் வாய்த்தது.

ஈண்டு ஒரு முரணைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. தமிழ்ச் சமணர் திகம்பர மரபினர். பெண் பிறவியில் வீடுபேறு கிட்டாது என்பது அம்மரபின் கொள்கை. பொன்னூர் மலையோடு இணைத்துப் போற்றப்படும் குந்தகுந்தர் பெயரால் வழங்கும் நூலே, பெண்டிர்க்கு முழுத் துறவு இல்லை என்று சொல்கிறது. சுவேதாம்பரர் 19ஆம் தீர்த்தங்கரராகிய மல்லியைப் பெண் என்பர். திகம்பரர் மல்லிநாதர் என்று ஆணாகவே கொள்வர். திகம்பரக் கோலமும் பெண்ணுக்கு வீடுபேறும் ஆகிய இரண்டையும் ஒருங்கே ஏற்ற யாபனீய சங்கத்தின் தொடர்பே தமிழகத்தில் குரத்தியர் பெருகக் காரணம் என்று கருதும் ஆய்வாளரும் உண்டு. யாபனீயராகிய சாகடாயனர் 9ஆம் நூற்றாண்டில் பெண்ணின் வீடுபேற்றை நிறுவத் தனிநூலே இயற்றினார். காரணம் எதுவாயினும், கொள்கை நூல் ஒரு வரம்பு கட்டிய காலத்திலேயே ஊரார் வழங்கிய பட்டம் அவ்வரம்பைப் பொருட்படுத்தவில்லை என்பது கல்லால் தெளிவாகிறது.

அருகன் நெறியின் வினைக்கோட்பாட்டிலேயே இதற்கு ஓர் இடமும் உண்டு. ஆண் உடல், பெண் உடல் என்பவை நாமவினையின் விளைவு. ஆண் வேதம், பெண் வேதம், அலி வேதம் எனப்படும் மூவகை வேட்கையும் மோகனீய வினையின் கூறுகள். இங்கே வேதம் என்பது மறைநூலைக் குறியாது. உள்ளத்து எழும் பால் வேட்கையைக் குறிக்கும். உடற்பால் ஒன்றாகவும் உள்ளத்துப் பால் வேறாகவும் அமைதல் கூடும் என்றும் அந்நூல்கள் விரிக்கின்றன. உயிரின் இயல்போ அறிவும் காட்சியும். அவற்றிற்குப் பால் இல்லை. பஞ்ச நமஸ்கார மந்திரமும் ஒருவர் பெயரையும் சொல்லாமல், அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாது என்னும் ஐந்து நிலைகளையே வணங்குகிறது.

சமணத் தமிழ் நூல்களைச் செய்தவர்களாக இன்று அறியப்படும் திருத்தக்கதேவர், அமிதசாகரர், குணவீர பண்டிதர், பவணந்தியார், வாமன முனிவர், மண்டலபுருடர் ஆகிய யாவரும் ஆடவர். சீவகசிந்தாமணியில் கந்தியார் என்பவர் செய்த பாடல்கள் இடையே கலந்தன என்னும் மரபுச் செய்தி ஒன்று உண்டு. கந்தி, ஔவை, பைம்மை, ஆரியாங்கனை என்பவை பெண் துறவியரைக் குறிக்கும் சொற்கள் என்று நிகண்டுகள் கூறும். ஆதலின் கந்தியார் பெண் துறவியாகலாம். ஏட்டில் அவர் இடைச்செருகலாகவே நிற்கிறார். பெண்டிர் பெயரைத் தேடுவார் ஏட்டைவிட்டுப் பாறைக்கே செல்ல வேண்டியுள்ளது.

பிற்காலக் கல்வெட்டுகளில் குரத்தியார் என்னும் பெயர் அருகி மறைந்தது. பெண்பள்ளிகளும் மறைந்தன. தமிழ்ச் சமணரிடையே நயினார் என்னும் பட்டம் பரவியது. நாயனார் என்பதன் மரூஉவாகிய இச்சொல் வடிவத்தால் பலர்பால். வழக்கிலோ ஆடவர் பெயருக்கு மட்டுமே வால் ஆயிற்று. சைவரிடத்தும் இதே நிலை. நாயன்மார் 63 என்று தொகுக்கும்போது காரைக்கால் அம்மையாரும் மங்கையர்க்கரசியாரும் இசைஞானியாரும் அதனுள் அடங்குவர். தனித்துச் சொல்லும்போது அம்மூவரில் ஒருவரையும் நாயனார் என்று அழைப்பதில்லை. அண்மைக் காலத்தில் நயினாரை விடுத்து ஜெயின் என்று போடும் வழக்கம் வந்தபின், பெயரின் வால் மகனுக்கும் மகளுக்கும் ஒன்றாயிற்று. இஃது எவரும் கருதிச் செய்யாத சீர்திருத்தம்.

திருமண அழைப்பிதழ்களின் செய்தி வேறு. மணமகனுக்குச் சிரஞ்சீவி, மணமகளுக்குச் சௌபாக்கியவதி. முன்னது வாழ்த்து, பின்னது கணவன் உயிரோடிருப்பதைப் பொறுத்த பட்டம். கணவனை இழந்த அன்றே அச்சொல் பெண்ணின் பெயரிலிருந்து நீங்கும். ஸ்ரீமான், ஸ்ரீமதி என்பவை திரு, திருமதி என மாறியபோதும் பிரிவு மாறவில்லை. திரு என்பது தனித்து நின்றே எவர்க்கும் பொருந்தும் சொல். திருமகளின் பெயரே அதுதான். அதனை ஆடவர்க்கு ஒதுக்கிவிட்டு, வடமொழி விகுதி ஒன்றை ஒட்டித் திருமதி என்று பெண்டிர்க்கு ஆக்கியது இரு மொழிக்கும் பொருந்தாத ஒட்டு. பெயருக்குப் பின் வரும் அவர்கள் என்பது மட்டும் இன்றும் இருபாற்கும் பொதுவாய் நின்று பழைய வழக்கைக் காத்து வருகிறது.

வடபுலத்திலிருந்து விகாரமாக வரும் ஆண் துறவியரை மகராஜ் என்றும், ஆர்யிகைகளை மாதாஜி என்றும் இன்று சிற்றூர்ச் சமணரும் அழைக்கின்றனர். ஒருவர் அரசர், மற்றவர் தாய். இரண்டும் அன்போடும் பணிவோடும் சொல்லப்படுபவையே. எனினும் வரவேற்புப் பதாகையில் இருவர் பெயரையும் எழுதும் ஊரில், இருவர்க்கும் பொருந்தும் அடிகள் என்னும் சொல்லை ஒருமுறை எழுதிப் பார்ப்பதில் தடை ஒன்றும் இல்லை. மேல்சித்தாமூர் முதல் திருமலை வரை உள்ள முதியோர் அச்சொல்லை அகராதி பாராமலே புரிந்துகொள்வர்.

கழுகுமலைக்குச் செல்வோர் திருமேனிகளை வணங்கியபின் அவற்றின் கீழுள்ள எழுத்தையும் குனிந்து நோக்குதல் நன்று. சிதறாலிலிருந்து பல நாள் வழி கடந்து வந்து, அம்மலையில் திருமேனி செய்வித்துச் சென்ற பெண் ஒருவரின் பெயர் அங்கே உள்ளது. அவர் எந்த ஊரில் பிறந்தார், யார் மகள், மணம் செய்திருந்தாரா என்னும் செய்தி ஒன்றும் அதில் இல்லை. திருச்சாரணத்துக் குரத்திகள் என்ற அளவில் எழுத்து நின்றுவிடுகிறது.